சத்தமில்லாத ஊருக்குப் போகிற மகனுக்கு

பார்க்டேல், ரொறன்ரோ
1989 வைகாசி

ராசா,

பிளேன் எழும்பியிட்டுதோ? எழும்பாட்டில் இதை இப்ப மடிச்சு வை. மேலை போய், அந்தப் பிள்ளையள் கோப்பி கொண்டு வந்து தந்தாப் பிறகு ஆறுதலா வாசி. வேணுமெண்டுதான் இதை உன்ரை பையுக்குள்ளை, சுவெற்றருக்குக் கீழை வைச்சனான். வீட்டிலை வைச்சு வாசிச்சியெண்டால் எனக்கு முன்னாலை வந்து நிண்டு ஆயிரம் கேள்வி கேப்பாய். எனக்கு வாயாலை சொல்ல வராது. வாயைத் திறந்தால் குளிரைப் பற்றிச் சொல்லுவன், சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுவன், பாஸ்போட்டை எந்தப் பொக்கற்றிலை வைக்கிறது எண்டு சொல்லுவன், சொல்ல வேண்டியதை விட்டிடுவன். போன மாசம் முழுக்க அதைத்தானே செய்துகொண்டு திரிஞ்சனான். நீயும் "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டு தலையாட்டிக்கொண்டு திரிஞ்சாய்.

மாசி மாசம் ஒருநாள் நீ வேலையாலை வந்து, வாசலிலை பூட்ஸைக் கழட்டிக்கொண்டு நிண்டபடி, "அம்மா, நான் பேர்கனுக்குப் போகப்போறன்" எண்டாய். நோர்வேயிலை எத்தினையோ ஊர் கிடக்க, நான் போன அதே ஊர். "ஏன், சின்னம்மாவையள் இப்ப அங்கை இல்லையெல்லோ, ஒஸ்லோவுக்கு மாறிட்டினமெல்லோ" எண்டு கேட்டன். "ஒருத்தரிட்டையும் இல்லை அம்மா. சும்மா பாக்கப் போறன். தனியப் போறன்" எண்டு சொல்லிப்போட்டுச் சொக்ஸையும் கழட்டினாய். சும்மாவாம். எங்கடை ஆக்கள் ஆராவது சும்மா ஒரு ஊருக்குப் போனதை நீ கண்டிருக்கிறியோ? கலியாணத்துக்குப் போவினம், செத்த வீட்டுக்குப் போவினம், பிள்ளைப்பேறு பாக்கப் போவினம், உயிர் தப்ப ஓடுவினம். தெரிஞ்ச முகம் ஒண்டும் இல்லாத ஊருக்கு, கையிலை ஒருத்தற்றை விலாசமும் இல்லாமல், கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கெண்டு ஆர் போறது? அண்டைக்கு உனக்குச் சோத்தைப் போட்டுத் தந்திட்டுப் பாத்ரூமுக்குள்ளை போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு நிண்டனான்.

கீழ் மாடி நேசம் அன்ரிக்குச் சொன்னவுடனை அவ குரலைத் தாழ்த்தி, "ஏனக்கா, அங்கை ஆரும் பெட்டை கிட்டை இருக்கே?" எண்டு கேட்டா. பெட்டையெண்டாலும் பரவாயில்லை எண்டுதான் நான் மனசுக்குள்ளை நினைச்சன். பெட்டையெண்டால் அவளுக்கு ஒரு தாய் தகப்பன் இருக்கும், ஒரு வீடு இருக்கும், நீ வராட்டில் போன் பண்ணிக் கேக்க ஒரு நம்பர் இருக்கும். பிறகு பார்சல்காரர் வரத் துவங்கிச்சினம். நீ நோர்வேக்குப் போறாய் எண்ட கதை அப்பார்ட்மென்ற் முழுக்கப் பரவிட்டுது. ஒராள் தமையனுக்கு மிளகாய்த்தூள், இன்னொராள் மகளுக்குச் சீலை. பேர்கனிலையிருந்து ஒஸ்லோ எவ்வளவு தூரம் எண்டு நீ விளங்கப்படுத்தினால், "ஒரு நாட்டுக்குள்ளைதானே தம்பி" எண்டு சிரிக்கினம். நீ ஒருத்தற்றை பார்சலும் கொண்டுபோக மாட்டன் எண்டு நிண்டிட்டாய். சனம் என்ன நினைக்கும் எண்டு நான் உன்னோடை சண்டை பிடிச்சனான். உண்மையைச் சொன்னால் எனக்குச் சனத்தைப் பற்றிக் கவலையில்லை. மிளகாய்த்தூள் பையோடையெண்டாலும் நீ ஒரு தமிழ் வீட்டுக் கதவைத் தட்டுவாய், அவையள் உன்ரை முகத்தைக் காணுவினம், அதுக்குத்தான் நான் ஆசைப்பட்டனான்.

ஏன் அந்த ஊர் எண்டு கேட்டதுக்கு நீ சொன்னாய், "நீங்கள்தானே அம்மா எல்லாருக்கும் சொன்னனீங்கள், நல்ல அமைதியான ஊர் எண்டு." ஓம், சொன்னனான். எண்பத்தாறிலை திரும்பி வந்தாப் பிறகு கேட்ட எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான். வேறை என்ன சொல்லுறது? உன்ரை சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்த சந்தோசத்துக்குப் போட்டு வந்த இடத்தை, பயத்திலை செத்துப் பிழைச்சு வந்தனான் எண்டு சொல்லேலுமோ? நீ அதைக் கேட்டு, எவ்வளவு நல்ல இடமாயிருக்கும் எண்டு மனசிலை வைச்சிருந்திருக்கிறாய். அங்கை எனக்கு நடந்ததை உனக்கு நான் ஒருநாளும் சொல்லேல்லை. இப்ப சொல்லப்போறன். நீ இறங்க முதல் உனக்குத் தெரிய வேணும்.

அதுக்கு முதல் அப்பாவைப் பற்றி ஒண்டு. எண்பத்துமூண்டிலை அந்த ஆடி மாசம் உனக்குப் பதினைஞ்சு வயது, எல்லாம் நினைவிருக்கும். ஆனால் உனக்கு நினைவிருக்கிறது சத்தம். கேற்றைப் போட்டு அடிச்ச சத்தம், கண்ணாடி நொருங்கின சத்தம், ஒழுங்கைக்குள்ளாலை கத்திக்கொண்டு போன சத்தம். கொழும்பிலை, வெள்ளவத்தையிலை, பின்வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன்ரை சாமான் அறைக்குள்ளை விட்டுப் பூட்டி வைச்சிருந்தா. நீ, நான், அப்பா, பக்கத்து ஒழுங்கையிலையிருந்து கைப்பிள்ளையோடை ஓடி வந்த அந்தப் பொம்பிளை. சத்தம் கிட்ட வரேக்கை அவ பிள்ளையின்ரை வாயிலை துவாயை வைச்சுப் பிடிப்பா, சத்தம் தூரப் போகேக்கை எடுப்பா. நாங்கள் எல்லாரும் அந்தப் பிள்ளை மூச்சு விடுதோ எண்டு பாத்துக்கொண்டிருப்பம். அது பிழைச்சிட்டுது, கடவுள் புண்ணியம். எனக்கு நினைவிருக்கிறது அதுக்குப் பிறகு வந்த காலமை. ஒரு சத்தமும் இல்லை. ஒழுங்கையிலை காகம் நடக்கிறது கேக்கும்போலை அவ்வளவு அமைதி. அப்பா காதைக் குடுத்துக் கேட்டுப்போட்டு, "எல்லாம் அடங்கிட்டுது போலை. ஒருக்கா எங்கடை கடை கிடக்கோ எண்டு பாத்துக்கொண்டு உடனை வந்திடுறன்" எண்டு சேட்டைப் போட்டார். நானும் ஓம் எண்டனான். சத்தம் கேட்ட நேரமெல்லாம் அவர் எங்களோடைதான் இருந்தவர். அமைதியை நம்பி வெளிக்கிட்டுத்தான் இல்லாமல் போனவர். அவற்றை உடம்பைக்கூட ஒருத்தரும் எங்களுக்குக் காட்டேல்லை.

மாமா எங்களை இஞ்சை கூப்பிட்டு எடுத்து, நாங்கள் பார்க்டேலிலை கொஞ்சம் மூச்சு விடத் துவங்கின நேரம்தான் சின்னம்மா போன் பண்ணினா, அக்கா எனக்கு ஒருத்தரும் இல்லை, நீங்கள் வந்து பிள்ளைப்பேறு பாருங்கோ எண்டு. உன்னை மாமாவோடை விட்டிட்டுப் பிள்ளை பெற்றவளுக்குக் குடுக்கிற சரக்குத் தூளையும் கட்டிக்கொண்டு நான் வெளிக்கிட்டன். வாழ்க்கையிலை முதல்தரம் தனியப் பிளேன் ஏறினது. எயாப்போட்டிலை அந்தத் தூள் பையை ஒருத்தன் மணந்து பாத்துத் தும்மினான், அதோடை விட்டிட்டான். சித்தப்பா மீன் பக்ரறியிலையிருந்து நேரா வந்து கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு லீவு இல்லை. சின்னம்மா பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலை. காலமை சமைச்சுக் குடுத்துவிட்டால் பின்னேரம் வரைக்கும் நான் தனி. "மச்சாள், வீட்டுக்குள்ளையே இராமல் வெளியாலை போய்ச் சுத்திப் பாருங்கோ. இஞ்சை ஒரு பயமும் இல்லை" எண்டு சித்தப்பா சொல்லுவார்.

போனன். ஊர் வடிவுதான், நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். மலைச் சரிவிலை வெள்ளை மரவீடுகள், கீழை கடல், கரையிலை மீன் சந்தை. உயிர் மீனைத் தொட்டியிலை விட்டு வைச்சு விக்கிறாங்கள், ஒருத்தனும் கூவிறதில்லை. மீன் சந்தையிலை கூவாத சனத்தை நான் அங்கைதான் கண்டனான். பஸ்ஸிலை ஏறி இருந்தால் எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்க மாட்டினம். நிண்டுகொண்டு வருவினம், இருக்க மாட்டினம். என்னைப் பாத்து அருவருக்கினம் எண்டு நினைச்சு ரெண்டு நாள் சாப்பிடேல்லை. பிறகு சின்னம்மா சொன்னா, "ஐயோ அக்கா, அது மரியாதை. அவையள் தங்கடை ஆக்களுக்குப் பக்கத்திலையும் இருக்க மாட்டினம்" எண்டு. உனக்கும் அப்பிடி நடக்கும். மனசிலை எடுக்காதை. மழை எப்பவும் பெய்யும், குடை வேண்டாம், காத்து அதைத் திருப்பிப் போடும். தொப்பி வைச்ச கோட்டைப் போடு.

அண்டைக்குப் பின்னேரம் மழை விட்டு வெயில் எறிச்சது. நான் வழமையாப் போற தெருவாலை மேலை ஏறிக்கொண்டிருந்தன். கடையெல்லாம் பூட்டிட்டினம், அவையள் வெள்ளெனப் பூட்டிப்போடுவினம். ஆடி மாசம் எண்டால் பாதிச் சனம் ஊரை விட்டுத் தீவுகளுக்குப் போயிடுமாம், அது எனக்கு அப்ப தெரியாது. தெருவிலை ஒரு குருவியும் இல்லை. எல்லா யன்னலும் சாத்திக் கிடக்கு. திடீரெண்டு எனக்குக் காது அடைச்ச மாதிரி வந்திட்டுது. நிண்டன். வீட்டுக் கூரையளுக்குப் பின்னாலை, கடல் பக்கமா, கறுப்புப் புகை எழும்புது. எனக்கு முன்னாலை ஒரு வீட்டு வாசல் கதவு பாதி திறந்தபடி கிடக்கு. வாசலிலை ஒரு பிள்ளை வண்டில். கிட்டப் போய்ப் பாத்தால் உள்ளுக்கை கம்பளியாலை சுத்தின ஒரு கைப்பிள்ளை, முழிச்சுக்கொண்டு கிடக்கு. ஆக்கள் ஒருத்தரும் இல்லை.

ராசா, அந்த ஊரிலை தாய்மார் கைப்பிள்ளையளை வண்டிலோடை வெளியாலை விட்டுத்தான் நித்திரையாக்கிறவையள். நல்ல காத்துப் படட்டும் எண்டு. கடைக்குள்ளை போனாலும் வண்டிலை வாசலிலை விட்டிட்டுத்தான் போவினம். ஒருத்தரும் தொடமாட்டினம். எனக்கு ஆர் உதைச் சொன்னது? தெருவிலை சனம் இல்லை, புகை எழும்புது, கதவு திறந்து கிடக்கு, பிள்ளை தனியக் கிடக்கு, மாசம் ஆடி. எனக்கு ஒண்டுதான் விளங்கினது. தாயைக் கொண்டு போட்டாங்கள். பிள்ளையை எடுக்கத் திரும்பி வருவாங்கள். நான் யோசிக்கவே இல்லை. தூக்கி நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு ஓடினன். முழங்கால் நோ எண்டு படியேற மாட்டாத நான், அந்த ஏத்தத்திலை ஓடினன். கோயில் மாதிரி ஒண்டு தெரிஞ்சுது, கதவு பூட்டு. பக்கத்திலை ஒரு மரப்படி, அதுக்குக் கீழை விறகு அடுக்கியிருந்தது. விறகுக்குப் பின்னாலை குந்திக்கொண்டன். அந்தப் பிள்ளை அழக்கூட இல்லை. என்ரை தாலிக்கொடியைப் பிடிச்சு இழுத்து விளையாடிச்சுது. அப்பா வருவார் எண்டு நான் கழட்டாமல் போட்டிருந்த கொடி.

அப்பத்தான் சத்தம் கேட்டுது. ஆரோ கத்திக்கொண்டு ஓடி வருகினம். என்ன மொழி எண்டு யோசிக்கவே வரேல்லை, கத்தல் எண்டால் எனக்குக் கத்தல்தான். பிள்ளையும் அந்தச் சத்தத்துக்கு முகத்தைச் சுழிச்சு அழ வெளிக்கிட்டுது. என்ரை கை தானாப் போய் அதின்ரை வாயை மூடிச்சுது. அழுத்தேல்லை ராசா. சாமி சத்தியமா அழுத்தேல்லை. மூக்கு திறந்துதான் கிடந்தது, நான் பாத்துக்கொண்டுதான் இருந்தன். அப்பிடி நான் குந்திக்கொண்டு இருக்கேக்கைதான் விறகுக்கு மேலாலை ஒரு முகம் எட்டிப் பாத்துது. இருபத்தைஞ்சு வயதுக்கு மேலை இராது. தலை ஈரம், காலிலை செருப்பில்லை. பின்வளவிலை உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நிண்டவளாம். தன்ரை பிள்ளையை, தன்ரை ஊரிலை, ஒரு கறுத்தப் பொம்பிளை விறகுக்குப் பின்னாலை வாயைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறதைக் கண்டாள்.

அந்த முகத்தை நான் என்னண்டு எழுதுறது? அவள் என்னை அடிக்கேல்லை. பறிக்கவும் இல்லை. ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிண்டாள். கொஞ்சம் அசைஞ்சால் நான் பிள்ளையை ஏதும் செய்துபோடுவன் எண்டு பயந்து, மெல்ல மெல்ல ஏதோ சொல்லிக் கெஞ்சினாள். என்னட்டைக் கெஞ்சினாள். நான் பிள்ளையைக் குடுத்தன். குடுத்தவுடனை வாங்கிக்கொண்டு அப்பிடியே நிலத்திலை இருந்திட்டாள்.

அயலட்டையிலை சனம் வெளியாலை வந்திட்டுது. இவ்வளவு நேரமும் உதெல்லாம் எங்கை இருந்ததோ தெரியாது. பொலிஸ்காரன் வந்தான். நான் முதல் அவன்ரை இடுப்பைத்தான் பாத்தன், துவக்கு இல்லை. இல்லாட்டிலும் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிண்டன். இறக்கு இறக்கு எண்டு கையாலை காட்டினான், நான் இறக்கேல்லை. எனக்கு அப்ப நினைவு முழுக்க நீதான். என்னை மறியலிலை போடப்போறாங்கள், கனடாக்காரன் இனி என்னை உள்ளுக்கை எடுக்கமாட்டான், என்ரை பிள்ளை தகப்பனும் இல்லாமல் தாயும் இல்லாமல் அந்தப் பத்தாம் மாடியிலை நிக்கப்போறான். சின்னம்மா வீட்டு விலாசம் எழுதின துண்டு சட்டைக்குள்ளை இருந்தது, அதை எடுத்து நீட்டினன். அவங்கள் பக்ரறிக்குப் போன் பண்ணிச் சித்தப்பா ஓடி வந்தார், முழங்கால் அளவு றப்பர் பூட்ஸோடை, மீன் செதிள் ஒட்டின கையோடை.

"மச்சாள், ஏன் தூக்கினீங்கள் எண்டு கேக்கிறார்."

"காப்பாத்தத் தூக்கினனான் எண்டு சொல்லுங்கோ தம்பி."

சித்தப்பா தனக்குத் தெரிஞ்ச நொர்வேஜியனிலை சொன்னார். பொலிஸ்காரன் என்னை ஒருக்காப் பாத்தான், தெருவை ஒருக்காப் பாத்தான். கோவமில்லாமல்தான் கேட்டான். சித்தப்பா நிலத்தைப் பாத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்.

"ஆரிட்டையிருந்து எண்டு கேக்கிறார் மச்சாள்."

அங்கையும் இஞ்சையும் பாத்தன். வெள்ளை வீடுகள். யன்னல் முழுக்கப் பூச்சட்டி. ஒரு கிழவர் நாயைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். கீழை துறைமுகத்திலை ஒரு பெரிய கப்பல் வெளிக்கிடுது, அதின்ரை புகைக்கூட்டிலையிருந்துதான் புகை போய்க்கொண்டிருந்தது. ஆரைக் காட்டுறது நான்? சித்தப்பா தானாவே கொஞ்ச நேரம் கதைச்சார். கொழும்பு எண்டது மட்டும் எனக்குக் கேட்டுது. பொலிஸ்காரன் கடைசியிலை என்ரை ரெண்டு கையையும் தானே பிடிச்சு மெல்லக் கீழை இறக்கி விட்டான். வீட்டுக்குப் போகச் சொன்னான். அந்தத் தாயும் கேட்டு முடிச்சுத் தலையை ஆட்டினாள். அவளுக்கு விளங்கியிருக்கும். விளங்கியும் அவள் பிள்ளையைப் பிடிச்ச பிடியைத் தளத்தேல்லை.

இதோடை முடிஞ்சிருந்தால் நான் சிரிச்சுக்கொண்டு உனக்கு எப்பவோ சொல்லியிருப்பன். சின்னம்மா இப்பவும் சொல்லிச் சிரிக்கிறவதான். எனக்குச் சிரிப்பு வராததுக்குக் காரணம், சின்னம்மாவைப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போற வழி அந்தத் தெருதான். மற்ற வீட்டுக்காரர் வண்டிலை வழமைபோலை வெளியாலைதான் விட்டிருந்தினம், பிள்ளையள் நித்திரை கொண்டுதுகள். அந்த ஒரு வீட்டு வாசலிலை மட்டும் வண்டில் இல்லை. கதவு சாத்திக் கிடந்தது. ஒருநாள் அவள் யன்னலாலை தெருவைப் பாத்துக்கொண்டு நிண்டாள், பிள்ளை தோளிலை. அந்த மாதிரி நிக்கிறதை எனக்குத் தெரியும். வெள்ளவத்தையிலை நான் அப்பிடித்தான் நிண்டனான், பார்க்டேலிலையும் நிக்கிறனான். நான் அந்த ஊருக்குக் கொண்டு போனது சரக்குத் தூள் மட்டுமில்லை. ஒரு பயமும் தெரியாத பெட்டைக்கு ஒரு பின்னேரத்திலை பயத்தைப் பழக்கிப்போட்டு வந்திட்டன்.

திரும்பி வந்து ரொறன்ரோ எயாப்போட்டிலை உன்னைக் கண்டன். மாமா பொறுத்துப் பொறுத்துப் பாத்துச் சனத்துக்கு முன்னாலை வந்து நிண்டார். நீ தூணோடை ஒதுங்கி, வெளிக்கதவுக்குப் பக்கத்திலை நிண்டாய். அப்பத்தான் என்ரை கண்ணிலை பட்டுது. ஸ்ரீட்காரிலை நீ எப்பவும் பின்கதவுக்குப் பக்கத்திலைதான் இருப்பாய். சாப்பாட்டுக் கடைக்குப் போனால் முதல் குசினி வழி எங்கை எண்டு பாப்பாய். நாங்கள் வந்த முதல் கோடை, எக்சிபிசனிலை வாணம் விட்ட சத்தத்துக்கு நான் லைற்றெல்லாம் நூத்துப்போட்டு உன்னை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழை போனது நினைவிருக்கோ? "அம்மா, அது வாணம்" எண்டு சொல்லிக்கொண்டே நீயும் வந்து குந்தினாய், என்னிலும் உயரமான பெடியன், எனக்காண்டி. அடுத்த கோடை நான் எழும்ப முதல் நீயே போய் லைற்றை நூத்தாய். என்ரை பிள்ளை எவ்வளவு நல்லவன் எண்டு நான் பூரிச்சுப் போனன். பள்ளிக்கூடத்தாலை எல்லாப் பெடியளும் காட்டுக்குள்ளை காம்ப் போகேக்கை, அம்மா தனிய எண்டு நீ போகேல்லை. அதுக்கும் பூரிச்சன். மற்றத் தாய்மாருக்கு மூச்சு விடாமல் உன்னைப் பற்றிப் புழுகினன். அந்த வண்டில் இல்லாத வாசலைக் கண்ட கண்ணாலை உன்னைப் பாத்தாப் பிறகுதான், இது நல்ல குணம் இல்லை, என்ரை வருத்தம் உனக்குத் தொத்தியிருக்கு எண்டு எனக்கு விளங்கினது.

விளங்கி என்ன, திருந்தினனானோ? இந்த மூண்டு வரியமும் நீ வேலையாலை வரப் பிந்தினால் யன்னலிலைதான் நிண்டனான். நீ ரிக்கற் எடுத்த நாளிலையிருந்து எனக்குக் கனவிலை அந்தத் தெருதான் வருகுது. நீ தனிய ஏறிப் போறாய், ஒரு சத்தமும் இல்லை, நான் கூப்பிடுறன், உனக்குக் கேக்கேல்லை. நீ அங்கை காலமை எழும்பி வெளியாலை வந்து, ஆ, எவ்வளவு அமைதி எண்டு நினைப்பாய். அப்பாவும் அப்பிடித்தான் நினைச்சவர். எழுதக் கை கூசுது, ஆனால் வேறை எங்கை எழுதுறது. ஒஸ்லோவிலை எங்கடை தமிழ்ப் பெடியன் ஒருத்தனை ஆரோ தள்ளிவிட்டாங்கள் எண்டு நேசம் அன்ரி சொன்ன கதையும் மண்டைக்குள்ளை சுத்துது. நல்ல சனத்துக்குள்ளையும் கூடாததுகள் இருக்கும். குடிச்சுப்போட்டு வாறவனோடை வாய் குடாதை. பொலிஸ்காரன் கூப்பிட்டால் ஓடாதை, கையைத் தூக்காதை, பேரைச் சொல்லு. தண்ணிக்குக் கிட்டப் போகாதை, அங்கத்தைக் கடல் விறைக்கும். பாத்தியோ, சொல்ல வேண்டியதை விட்டிட்டு நான் திரும்பவும் துவங்கிட்டன்.

சொல்ல வேண்டியது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கேக்கை நீ குசினிக்குள்ளை வந்து நிலையோடை சாய்ஞ்சுகொண்டு நிண்டாய். பிறகு, "அம்மா, உங்களுக்கு வேண்டாமெண்டால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் நிக்கிறன்" எண்டாய். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. ஒரு மாசமா நான் அதைத்தானே கும்பிட்டுக்கொண்டு திரிஞ்சனான். நில் எண்டு ஒரு சொல்லு, அவ்வளவுதான் வேண்டிக் கிடந்தது. நான் தலையை நிமித்தி உன்ரை முகத்தைப் பாத்தன். நீ மறுமொழிக்குக் காத்துக்கொண்டு நிண்டாய். நான் மறிக்க வேணும் எண்டு காத்துக்கொண்டு நிண்டாய். மறிச்சால் உனக்கு எவ்வளவு ஆறுதலாயிருக்கும் எண்டதை நான் உன்ரை கண்ணிலை கண்டன். உனக்கும் பயம். நான் சோறு ஆறுது, சாப்பிடு எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிட்டன். நீ வெங்காயம் எண்டு நினைச்சிருப்பாய்.

நீ போய் வராமல் விட்டிடுவியோ எண்ட பயம் எனக்குப் பழகின பயம், அதோடை நான் சமைப்பன், வேலைக்குப் போவன், நித்திரையும் கொள்ளுவன். அண்டைக்கு வந்தது வேறை. நீ எனக்காண்டி ஒரு இடமும் போகாமலே இருந்திடுவியோ எண்டு வந்தது. அதைத் தாங்க எனக்கு ஏலாது ராசா. போட்டு வா. பயந்துகொண்டெண்டாலும் போட்டு வா. நானும் பயந்துகொண்டுதான் உன்னை அனுப்பிறன்.

அம்மா